வரிசைக்கு வராத பிள்ளைகள்



பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் செய்தித்தாளில் எந்தப் படம் வரும் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 590-ஐத் தாண்டிய ஒரு மாணவி, அவள் வாயில் லட்டு வைக்கும் தலைமை ஆசிரியர், பின்னால் புதுச்சட்டை போட்டுக் கூச்சத்தோடு நிற்கும் அப்பா. கீழே, அவர் கொத்தனார் என்றோ ஆட்டோ ஓட்டுகிறவர் என்றோ ஒரு வரி. அந்தப் படத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தப் பெண்ணுக்கு மாலைக்குள் நாலு பேர் போன் செய்துவிடுவார்கள். யாராவது ஒருவர் லேப்டாப் வாங்கித் தருவார், ஏதாவது ஒரு கல்லூரி கட்டணம் வேண்டாம் என்று சொல்லும். அவள் பிழைத்துக்கொள்வாள்.

நான் பேச வந்தது அதே வகுப்பில் 350 வாங்கித் தேறிய பையனைப் பற்றி. அவன் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டான். கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாது. ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பதற்கென்று திட்டங்கள் போடுகிறோம், அறக்கட்டளை நடத்துகிறோம், நன்கொடை கொடுக்கிறோம். இவையெல்லாம் வரிசையில் வந்து நிற்கிற பிள்ளைக்குத்தான் போய்ச் சேருகின்றன. வரிசைக்கே வராத பிள்ளையிடம் போனால் பலன் கூடுதல் என்பது என் கட்சி. இது இரக்கத்தினால் சொல்வது அல்ல. கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. அந்தக் கணக்கு அமெரிக்காவில் போடப்பட்டது. அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போய் வர வேண்டியிருக்கும்.

முதலில் நம் பக்கத்துச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரிக் கதவைத் தமிழ்நாடு நன்றாகவே அகலப்படுத்தி வைத்திருக்கிறது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் 18 முதல் 23 வயதுக்காரர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்விச் சேர்க்கை இங்கே 47 சதவீதம். நாடு முழுவதற்கும் 28.4. தொழிற்படிப்புகளுக்கு மாநிலம் நடத்திவந்த நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தது. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. மருத்துவத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் 2020இல், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் அதே ஒதுக்கீடு 2021இல். மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் 2022இல், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல். கட்சி பார்க்காமல் ஒருவர்பின் ஒருவராக அடுக்கிய செங்கல் இது. இவ்வளவு செய்தபிறகும் பாதிக்கு மேல் வெளியேதான். அவர்கள் எங்கே நின்றுபோகிறார்கள்?

இப்போது அமெரிக்கா. 1928இல் டெக்சாஸ் மாநிலத்தில் கொட்டுல்லா என்ற சிற்றூர்ப் பள்ளிக்கு ஒரு வாத்தியார் வந்தார். வயது இருபது. சான் மார்கோஸ் ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர். கையில் காசில்லாமல் படிப்பை நடுவில் நிறுத்திவிட்டு ஓராண்டு வேலைக்கு வந்தார். பள்ளியில் இருந்ததெல்லாம் மெக்சிகோ வம்சாவளிக் கூலிக்காரர்களின் பிள்ளைகள். காலைச் சாப்பாடு இல்லாமல் வரும் பிள்ளைகள். அந்த வாத்தியார்தான் பின்னாளில் ஜனாதிபதி ஆன லிண்டன் ஜான்சன்.

அவரே பள்ளி முடித்த கையோடு கல்லூரிக்குப் போனவர் அல்ல. 1924இல் பள்ளியை முடித்துவிட்டுக் கலிபோர்னியாவுக்கு ஓடினார். கிடைத்த வேலையைச் செய்தார். ஊர் திரும்பி ரோடு போடும் கூட்டத்தோடு மண் அள்ளினார். மூன்றாண்டு கழித்துத்தான் கல்லூரி. நம் 350 மார்க் பையனின் கதையேதான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜான்சனின் அம்மா கல்லூரியில் படித்தவர்; மகனை விடாமல் நச்சரித்தவர். வறுமை வந்த வீடுதான், ஆனால் கல்லூரிக்கு எந்த வழியாகப் போக வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அந்த வீட்டு அடுக்களையிலேயே இருந்தார்.

வறுமைக்கு எதிரான போர் என்று அறிவித்து 1964இல் ஜான்சன் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன்கீழ் முளைத்த திட்டம்தான் ‘அப்வர்ட் பவுண்ட்’. 1965 கோடையில் சில கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி, தான் படித்த சான் மார்கோஸ் கல்லூரிக்கே போய் உயர்கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தால் இன்னொரு திட்டம் வந்தது, 1968இல் மூன்றாவதும் சேர்ந்தது. மூன்றையும் சேர்த்து ‘ட்ரியோ’ என்று பெயர் வைத்தார்கள். பிறகு நான்கு, ஐந்து என்று பெருகிப் போயும் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அப்வர்ட் பவுண்ட் எப்படி நடக்கிறது? அரசு பணம் தரும். பெரும்பாலும் உள்ளூர்க் கல்லூரியே நடத்தும். பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை எடுப்பார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினராவது ஏழைகளாகவும் இருக்க வேண்டும், பெற்றோர் பட்டம் வாங்காதவர்களாகவும் இருக்க வேண்டும். படிக்கும் நாளில் மாலையிலோ சனிக்கிழமையிலோ கணக்கு, அறிவியல், ஆங்கிலம். கோடையில் ஐந்தாறு வாரம் கல்லூரி ஹாஸ்டலிலேயே தங்க வேண்டும். என் பார்வையில் திட்டத்தின் உயிர் இந்தக் கோடைத் தங்கல்தான். அங்கே சொல்லித்தரும் அல்ஜீப்ராவைப் பள்ளியிலேயே சொல்லித்தரலாம். ஆனால் நூலகத்தில் புத்தகம் எப்படிக் கேட்பது, பேராசிரியர் அறைக்குள் போகலாமா கூடாதா, அறையில் உடன் தங்குபவன் வேறு நிறத்தவனாய் இருந்தால் என்ன பேசுவது, மெஸ்ஸில் எந்த வரிசையில் நிற்பது என்பதெல்லாம் பதினாறு வயதில் பழகிவிட்டால், பதினெட்டு வயதில் கல்லூரி என்பது யாரோ ஒருவரின் வீடாகத் தெரியாது. நடிகை வயோலா டேவிஸ் ரோட் ஐலண்டில் சிறுமியாக இருந்தபோது இந்தத் திட்டத்தில் இருந்தவர். அங்கேயும் படம் போடத் தெரியும்.

ஆனால் படம் போட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. உண்மையில் இதனால் யாருக்காவது பலன் உண்டா என்று பார்க்கத் துணிந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் 67 மையங்களில் விண்ணப்பித்த சுமார் 2,800 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இடம், மறு பாதிக்கு இல்லை. இரண்டு கூட்டத்தையும் ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். இறுதி அறிக்கை 2009இல் வந்தது.

முடிவு திட்டக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தார்கள். யோசித்தால் காரணம் புரியும். தானாக விண்ணப்பம் வாங்கி நிரப்பி வரிசைக்கு வரும் பிள்ளை, இந்தத் திட்டம் இல்லாவிட்டால் வேறு ஏதாவது வழியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் அதே ஆய்வில் ஒரு கூட்டம் மட்டும் தனித்துத் தெரிந்தது. ‘நான் பட்டம் வரை படிப்பேன் என்று நினைக்கவில்லை’ என்று தொடக்கத்திலேயே சொன்ன பிள்ளைகள். அவர்களுக்குத் திட்டத்தில் இடம் கிடைத்தபோது நான்காண்டுக் கல்லூரியில் சேர்வது ஏறத்தாழ இரண்டு மடங்கானது.

இந்த ஆய்வைப் பற்றிய தகராறு இன்னும் ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மொத்தக் கணக்கில் ஒரே ஒரு மையத்துக்குக் கால் பங்குக்கு மேல் எடை விழுந்துவிட்டது, அதைத் திருத்தினால் ஒட்டுமொத்தப் பலனும் தெரிகிறது என்று வாதிட்டவர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் படுகிறது. ஆனால் எதிர்பார்ப்பே இல்லாத பிள்ளைகளைப் பற்றிய அந்தச் செய்தி திட்டம் போடுகிறவர்கள் தாண்டிப் போகக் கூடியது அல்ல.

இறுதி அறிக்கைக்கு முன்பே, இடைக்கால முடிவுகளைப் பார்த்து நடந்தது இன்னும் சுவாரசியம். சரி, அப்படியானால் சேர்ப்பவர்களில் ஒரு பங்கினராவது தோற்றுவிடும் அபாயம் உள்ளவர்களாக இருக்கட்டும் என்று அமெரிக்கக் கல்வித் துறை 2006இல் கட்டளையிட்டது. கூடவே, புதிதாக இன்னொரு ஆய்வுக்காக, இருக்கிற இடத்தைப்போல இரண்டு மடங்கு பிள்ளைகளை அழைத்துவந்து பாதிப் பேரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் சொன்னது. மையங்கள் கொதித்தெழுந்தன. நாங்களே வீடு தேடிப் போய் வா என்று கூப்பிட்டுவிட்டு, உன் பெயர் குலுக்கலில் விழவில்லை, போ என்று எப்படிச் சொல்வது? நாடாளுமன்றம் தலையிட்டு 2008இல் அந்த ஆய்வை நிறுத்தியது. அளக்காமல் பணம் செலவழிப்பதும் தவறு, அளப்பதற்காகப் பிள்ளையின் முகத்தில் கதவைச் சாத்துவதும் தவறு. இரண்டு பக்கத்துக்கும் நான் கைதட்டுவேன். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்புகிறேன். அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகை வேண்டுமென்றால் மத்திய அரசின் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் இருந்த படிவம். எச் அண்ட் ஆர் பிளாக் என்பது வருமானவரிக் கணக்கு எழுதித் தரும் கம்பெனி. ஒஹாயோவிலும் வட கரோலினாவிலும் வரிக்கணக்கு எழுத வந்த ஏழைக் குடும்பங்களில் சிலருக்கு, கையிலிருந்த கணக்கை வைத்து அங்கேயே உதவித்தொகைப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு, உங்களுக்கு இவ்வளவு உதவித்தொகை கிடைக்கும், நீங்களே போய் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று தகவல் மட்டும் சொன்னார்கள். 2012இல் வெளியான முடிவு: நிரப்பிக் கொடுத்த வீட்டுப் பிள்ளைகள் தொடர்ந்து இரண்டாண்டு கல்லூரியில் படிப்பது 8 சதவீதப் புள்ளிகள் கூடியது. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை.

நம் ஊரில் ‘விழிப்புணர்வு முகாம்’ என்று பேனர் கட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். நோட்டீஸ் அச்சடிக்கிறோம், மேடை போட்டு வழிகாட்டுகிறோம், இன்று என்னைப்போல் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவும் வைக்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்புவதற்குத்தான் ஆள் இருப்பதில்லை.

இப்போது நம்முடைய மே மாதத்துக்கு வாருங்கள். ரிசல்ட் மே முதல் பாதியில் வருகிறது. அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பம், பொறியியல் பதிவு எல்லாம் அதையொட்டியே தொடங்கி ஜூன் முதல் வாரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. அந்த நாட்களில் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும்? கோடை விடுமுறையில் பூட்டியிருக்கும். பன்னிரண்டு ஆண்டு அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பாக இருந்த பள்ளிக்கு அவன் இனி மாணவன் அல்ல. கல்லூரிக்கு இன்னும் மாணவன் ஆகவில்லை. மிகப் பெரிய முடிவை எடுக்க வேண்டிய நாட்களில் அவன் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத பிள்ளை.

அவனுடைய மே மாதத்தைப் பாருங்கள். பரீட்சை முடிந்த மறுவாரமே பெரியப்பா மகன் திருப்பூருக்குக் கூப்பிட்டிருப்பார். இல்லையென்றால் உள்ளூரில் கேட்டரிங் பரிமாறும் வேலை, பெயின்ட் அடிக்கும் வேலை, ஜவுளிக்கடை. முதல் வாரச் சம்பளத்தில் ஒரு போன் வாங்கியாயிற்று. அம்மா கையில் கொஞ்சம் கொடுத்தாயிற்று. அம்மா மறுக்கவில்லை. வீட்டில் யாரும் அவனைப் படிக்காதே என்று சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அவனைத் தடுத்தவர் என்று யாரும் இல்லை. நாள் மட்டும் நகர்ந்தது.

நகரவில்லை, விண்ணப்பிக்கப் போனான் என்றே வைத்துக்கொள்வோம். அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பக் கட்டணம் அண்மை ஆண்டுகளில் 50 ரூபாய்தான். ஆனால் பிரவுசிங் சென்டரில் அதற்கு மேல் கேட்பார்கள். மின்னஞ்சல் முகவரி இல்லை என்றால் கடைக்காரரே ஒன்றை உருவாக்கித் தன் போன் எண்ணைக் கொடுத்துவிடுவார். அவரைக் குற்றம் சொல்லவில்லை. வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது அவர் வேலையை அவர் முடிக்கிறார். ஆனால் தரவரிசை வந்த செய்தியும், கலந்தாய்வுத் தேதியும், ஓ.டி.பி.யும் இனிமேல் கடைக்காரர் போனுக்குத்தான் போகும். பையன் திருப்பூரில் இருப்பான்.

சான்றிதழ்கள் வேறு. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. எல்லாம் இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று படியேறி வர வேண்டும். ஒரே மாதத்தில் தாலுகா முழுவதும் இதே சான்றுக்காக வரிசை கட்டும். முதல் பட்டதாரிச் சலுகையில் எனக்கு நெடுநாளாக உறுத்தும் விதி ஒன்று உண்டு. அண்ணன் அந்தச் சலுகையில் சேர்ந்துவிட்டால் தங்கைக்கு அது கிடைக்காது. குடும்பத்துக்கு ஒரு பட்டதாரி போதும் என்று அரசு நினைக்கிறது போலும். அமெரிக்கத் திட்டத்தில் பார்ப்பது அப்பா அம்மாவின் படிப்பை மட்டும்தான். அண்ணன் படித்துவிட்டதால் தங்கைக்கு வழி தெரிந்துவிட்டது என்று அங்கே கணக்கு வைப்பதில்லை. இதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வீட்டுக்கு ஒருவர்தான் என்றால் அந்த ஒருவர் பையனாகத்தான் இருப்பான் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் நாம் செய்த ஒரு நல்ல காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குத் தரப்பட்ட உதவிதான், தாலிக்குத் தங்கமாகவும் வளர்ந்த அந்தத் திட்டம்தான், 2022 செப்டம்பரில் புதுமைப் பெண்ணாக மாறியது. கல்யாணத்துக்குக் கிடைத்த பணம் கல்லூரிக்கு வந்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய அந்த அம்மையாரின் பெயர் இப்போதுதான் சரியான இடத்தில் இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் என்பது பெரிய தொகை அல்ல. பஸ்ஸுக்கும் செமஸ்டர் கட்டணத்துக்கும் போதும். ஆனால் அது நேராகப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வீட்டில் அவள் பேச்சுக்கு எடை கூடுகிறது.

பணம் மட்டும் கதையை முடித்துவிடாது என்பதற்கும், பணம் இல்லாமல் கதை தொடங்காது என்பதற்கும் 2020ஆம் ஆண்டின் மருத்துவக் கலந்தாய்வே சாட்சி. நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று சட்டம் செய்தது. முந்தைய ஆண்டு ஒற்றை இலக்கத்தில் இருந்த அரசுப் பள்ளிச் சேர்க்கை ஒரேயடியாகச் சில நூறுகளுக்குப் போனது. எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள் கட்டணத்தைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு அதற்குச் சில நாள் பின்னால்தான் வந்தது. அந்தச் சில நாள் பக்கத்தில் ஒரு விவரம் தெரிந்த ஆள் இருந்து, ‘பொறு, கையெழுத்துப் போடாதே, கேட்டுப் பார்க்கலாம்’ என்று சொல்லியிருந்தால் போதும். வசதியான வீட்டில் அப்படிச் சொல்ல மாமா இருப்பார், சித்தப்பா இருப்பார். உயர்கல்வித் திட்டம் என்று நான் சொல்வது அந்தச் சித்தப்பாவைத்தான்.

இதை அரசும் உணர்ந்திருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தின்கீழ் கல்லூரிக் கனவு என்று வழிகாட்டி நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அதைவிட எனக்குப் பிடித்தது உயர்வுக்குப் படி. பிளஸ் டூ முடித்துவிட்டு எங்கும் சேராதவர்களின் பட்டியலை எடுத்து, அவர்களைத் தேடிப் பிடித்து முகாமுக்கு வரவழைத்து, கல்லூரியையும் வங்கியையும் சான்றிதழ் தருகிறவர்களையும் ஒரே கூரையில் உட்கார வைக்கிறார்கள். வரிசைக்கு வராதவனைத் தேடும் யோசனை இது. அகரம் அறக்கட்டளை தன் விதைத் திட்டத்துக்காக வீடு தேடிப் போவதும் இந்த வகைதான்.

குறை ஒன்றுதான். பட்டியலில் உள்ள எண்ணுக்குப் போன் செய்வது யார்? பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். அவருக்குப் பாடம் இருக்கிறது, எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தில் பதிவு இருக்கிறது, தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. அழைத்தேன், எடுக்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவார். அவரைக் கோபித்துப் பயனில்லை. அப்வர்ட் பவுண்டில் இது ஒருவருடைய முழுநேர வேலை. சம்பளம் உண்டு, பெயர் சொல்லும் அளவு பிள்ளைகள் உண்டு, அந்தப் பிள்ளை சேரவில்லை என்றால் ஏன் என்று அவரைக் கேட்பார்கள்.

அங்கேயும் பாலும் தேனும் ஓடவில்லை. 2017இல் டஜன்கணக்கான கல்லூரிகளின் அப்வர்ட் பவுண்ட் விண்ணப்பங்களைக் கல்வித் துறை படித்தே பார்க்காமல் தள்ளியது. சிலர் வரிகளுக்கு நடுவே விதிப்படி இடைவெளி விடவில்லை என்பது காரணம். பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பச் சொல்லித்தரும் திட்டம் படிவத்தாலேயே சாகப் பார்த்தது. நாடாளுமன்றத்தில் சத்தம் எழுந்தபிறகு மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 2025இல் அதிபர் டிரம்ப் அரசு ட்ரியோ திட்டங்களுக்கு, ஆண்டுக்கு சுமார் 120 கோடி டாலர், ஒரு காசும் வேண்டாம் என்றே பட்ஜெட் முன்மொழிவு வைத்தது. கல்லூரிக்குப் போவது இன்று பழைய காலத்தைப்போலக் கடினமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். போய்ச் சேர்ந்தவர்களைப் பார்த்துச் சொல்லும் காரணம் அது.

கடைசியாக, செய்கிற நிலையில் இருப்பவர்கள் இந்த அரங்கில் இருப்பதால் நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். இங்கே தலைமை ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவினர் இருக்கிறீர்கள், பக்கத்துக் கலைக் கல்லூரியிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். அடுத்த ரிசல்ட்டுக்கு முன், மார்ச்சுக்குள்ளாகவே, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் ‘அடுத்து என்ன’ என்று கேளுங்கள். டாக்டர், கலெக்டர் என்று பதில் சொல்பவர்களின் பெயரைக் குறிக்க வேண்டாம். தோளைக் குலுக்கியவர்கள், தெரியலை சார் என்றவர்கள், வேலைக்குப் போறேன் டீச்சர் என்றவர்கள்: இந்தப் பெயர்களை மட்டும் எழுதுங்கள். ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து வரலாம். சான்றிதழ்களுக்கும் அப்போதே விண்ணப்பிக்க வைக்கலாம், யாரும் தடுக்கவில்லை. மின்னஞ்சலும் போன் எண்ணும் பிள்ளையுடையதாக இருக்கட்டும். மே மாதம் நாலு வாரம் பள்ளியில் ஒரே ஒரு அறை திறந்திருக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், சம்பளம் வாங்கும் ஒருவர். சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். உதவித்தொகையும் லேப்டாப்பும் தரும் புண்ணியவான்களிடம், இந்த ஆண்டு முதலிடம் வாங்கிய பிள்ளைக்கு வேண்டாம், இந்த அறையில் உட்காருபவருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிலர் மறுப்பார்கள், இதில் படம் எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

கல்லூரிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஹாஸ்டல் மே மாதம் காலியாகத்தான் கிடக்கிறது. பதினொன்றாம் வகுப்பு முடித்தவர்களில் இப்படிப்பட்ட பத்துப் பதினைந்து பேரை ஒரு வாரம் தங்க வையுங்கள். மெஸ் செலவு எவ்வளவு ஆகும் என்று உங்கள் வார்டனிடம் கேட்டுச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் அதை மட்டும் உட்கார்ந்து பேசலாம்.